குழலை அளக்கும் ஒடெட்

இரண்டு தட்டு தட்டுவாள். சுத்தியலை வைத்துவிட்டு வாசல்வரை போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். மறுபடி இரண்டு தட்டு. அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளுவாள். வந்து குனிந்து துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். உள்ளே இறங்கிக்கொண்டிருப்பது தூண்டில் கயிற்றில் கட்டுகிற ஈய உருண்டை. அதைத் தள்ளிக்கொண்டு போவது ஒரு பித்தளைக் கம்பி. துப்பாக்கி வாய் மேலாகவும் கட்டை கீழாகவும் பழைய கம்பளித் துணியில் ஊன்றி, மேசைப் பிடிப்பானில் நிற்கிறது. ஒரே மூச்சில் செய்தால் அடுப்பில் பட்டாணி சூப் கொதிப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை. ஒடெட் ரான்கூருக்கு ஒரு மத்தியானம் பிடிக்கும்.

அது வெறும் ஈயம், மென்மையானது. எண்ணெய் தடவிய குழலுக்குள் வலுக்கட்டாயமாக இறக்கினால், உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற பள்ளங்களின் அச்சு அப்படியே அதன்மேல் பதிந்துவிடும். கீழே விழுந்ததும் எடுத்து அளந்தால் குழலின் உண்மையான அகலம் தெரியும். குழலின் வெளியே தயாரித்தவன் ஓர் எண்ணைப் பொறித்துத்தான் வைத்திருக்கிறான். அதைக் காட்டினால் ஒடெட் உதட்டைப் பிதுக்குவாள்.

"அவன் அடிச்சு வெச்சுட்டா நான் நம்பிடணுமா?"

இது துப்பாக்கிக்கு மட்டும் சொல்கிற வார்த்தை அல்ல. கடையில் வாங்கிய பாலாடைக்கட்டியை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பாள். எண்ணெய் வண்டிக்காரன் நிரப்பிவிட்டுப் போன பிறகு தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பாள். அடுத்த ஊருக்கு இவ்வளவு தூரம் என்று சாலையில் நட்ட பலகை பொய் சொல்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னவள். பலகையை மாற்றவில்லை. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் தலையை ஒரு வெட்டு வெட்டிக்கொள்வாள்.

கடக்காத நாள் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில், மண்சாலைகளில் தபால் போடுவது அவள் வேலை. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிற காரில் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டி மிதித்து, இடது கையால் வளைத்து, வலது கையால் ஜன்னல் வழியாகப் பெட்டிகளில் கடிதம் போட்டுக்கொண்டே போவாள். பார்க்கிற புதியவர்களுக்கு வண்டி ஆள் இல்லாமல் ஓடுவது போலிருக்கும். அறுபதைத் தாண்டியும் வேலையை விடாததற்கு அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வீட்ல உக்காந்தா நாற்காலி சூடாயிடும்."

நின்றுகொண்டே சாப்பிடுவாள். போனில் பேசினால் சமையலறைக்கும் விறகுக் கொட்டகைக்குமாக நடந்துகொண்டே பேசுவாள். தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் இடம் பிடிப்பாள், நடுவில் எழுந்து வெளியே போய் வர வசதியாக. அவளைக் கட்டிக்கொண்ட ஆர்மாண்ட் நேர் எதிர். பால் டாங்கர் ஓட்டிக் காலம் கழித்தவன். ஓட்டிக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, இறங்கினால் அசைய மாட்டான். மான் வேட்டையில் மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தால் அணில் பூட்ஸின் மேல் ஏறி இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஒடெட்டை அவன் ஒருபோதும் வேட்டைக்குக் கூட்டிப்போனதில்லை. "உன்னைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா ஒரு பேண்டு செட்டைக் கூட்டிட்டுப் போவேன்" என்பான்.

மார்ச்சில், மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குகிற கொட்டகையில் ஆர்மாண்ட் விழுந்தான். ஒடெட் விறகு எடுக்கப் போய்த் திரும்பினாள். கொப்பரையிலிருந்து ஆவி மேகமாக எழும்பிக்கொண்டிருந்தது. அவன் எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட்டாள். பதில் இல்லை. ஆவி ஒரு பக்கமாக விலகியபோது தரையில் பூட்ஸ் தெரிந்தது. இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துபோகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். தட்டையாக, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி ஒரு புடைப்பு.

ஆர்மாண்ட் எல்லாவற்றுக்கும் இடது கைக்காரன். கோடாலி பிடிப்பது, சீட்டுப் போடுவது, துப்பாக்கியைத் தோளில் சாத்துவது, எல்லாமே அந்தப் பக்கம். அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இடது தோள்ல இனிமே துப்பாக்கி வைக்கக் கூடாது. உதைச்சு உதைச்சு உள்ளே போற வயர் அறுந்துடும்." அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஒடெட் எழுந்து, கார் சாவி எங்கே என்று தேடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆர்மாண்ட் "சரி" என்றான். அவனுக்கு எல்லாமே சரிதான். வழக்கமாகக் கொண்டுபோகிற துப்பாக்கியை எண்ணெய் போட்டு அலமாரிக்குள் வைத்தான். கோடை முழுக்க ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாலையையும் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தான். தபால் முடித்து ஒடெட் திரும்பும்போது அவன் காலையில் இருந்த அதே இருப்பில் இருப்பான். காபிக் கோப்பை மட்டும் இடம் மாறியிருக்கும்.

"கோழிக்கூண்டுக் கதவைச் சரி பண்ணலாமில்ல?"

"பண்ணலாம்."

"எப்ப?"

"பண்ணலாம்."

அந்தப் 'பண்ணலாம்' அவளைத் தின்றது. முன்பும் அவன் அசையாமல் உட்காருகிறவன்தான். அப்போது அவன் எதற்கோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது எதற்கும் காத்திருப்பவனாகத் தெரியவில்லை. பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்தால் அவளுடைய காது தானாக அவன் மூச்சை எண்ணத் தொடங்கிவிடும். அதனால் அவள் முன்பைவிட வேகமாக வீட்டைச் சுற்றினாள்.

ஒரு நாள் அப்படிச் சுற்றும்போதுதான் விறகுக் கொட்டகையின் ஆணியில் தொங்கிய பழைய துப்பாக்கி கண்ணில் பட்டது. வீடு வாங்கியபோது வீட்டோடு வந்தது. நெம்புகோலை இழுத்துவிட்டுச் சுடுகிற வகை. கனமானது, ஆனால் உதை குறைவு. ஆர்மாண்ட் அதை ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு, "இது வடக்கே சுட்டா கிழக்கே போவுது" என்று மாட்டியதோடு சரி.

உதை குறைவு. அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டாள் ஒடெட்.

கடையிலிருந்து அதற்கான தோட்டா ஒரு பெட்டி வாங்கி வந்து, மணல்மேட்டில் காகிதத்தைக் குத்திச் சுட்டாள். காகிதத்தில் வட்டத் துளை விழவில்லை. சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. குண்டு நேராகப் போகாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. குழல் பெரிசு, குண்டு சின்னது, உள்ளே பிடிப்பே இல்லை. எவ்வளவு பெரிசு என்று யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அப்படித்தான் சுத்தியலும் பித்தளைக் கம்பியும் தூண்டில் ஈயமும் மேசைக்கு வந்தன.

கடைசித் தட்டில் உருண்டை, தோட்டா போடுகிற திறந்த அறைக்குள் துணியின்மேல் பொத்தென்று விழுந்தது. இப்போது அது உருண்டையாக இல்லை. இடுப்பைச் சுற்றி வரிவரியாகப் பளபளத்தது. கூட்டிலிருந்து குஞ்சை எடுப்பது போல எடுத்து மைக்ரோமீட்டரின் வாயில் வைத்தாள். படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தாள். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். உருண்டையைத் திருப்பி வைத்து மறுபடி. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முந்நூற்று எண்பது. கடைக் குண்டு முந்நூற்று எழுபத்தைந்து. வித்தியாசம் ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த முடியளவு இடத்தில்தான் குண்டு ஆடிக்கொண்டே போயிருக்கிறது.

"பாத்தியா? எண்பது. அவன் எழுபத்தஞ்சுன்னு வித்திருக்கான்" என்று வீட்டுக்குள் போய்ச் சொன்னாள்.

"நல்லது" என்றான் ஆர்மாண்ட், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

குழலைவிட அந்த ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூடுதலாகக் குண்டு இருந்தால்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுழன்று போகும். அப்படி ஒரு குண்டை யாரும் விற்பதில்லை, வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஈயத்துக்கு லீலண்டிடம் போனாள். கீழ்ச்சாலையில் வண்டி பழுது பார்க்கிறவன். பழைய டயர்களிலிருந்து கழற்றிய எடைத்துண்டுகளை ஒரு வாளி நிறைய வைத்திருந்தான்.

"ஒடெட்டக்கா, எதுக்கு இவ்வளவு? ஊரோட சண்டையா?"

"ஊரோட இல்ல, ஒருத்தனோட. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறான்."

"அதுக்குச் சுடணுமா, ஒரு வாளி தண்ணி போதுமே."

"சிரிக்காம வாளியைத் தூக்கி வை. இதுல துத்தநாகம் கலந்திருக்கா?"

"கொஞ்சம் இருக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

லீலண்ட் கையை விரித்தான். அவள் அங்கேயே கடைத் தரையில் வாளியைக் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகக் குறட்டில் கடித்துப் பார்த்துப் பிரித்தாள். பல் பதிந்தால் ஈயம், பதியாவிட்டால் துத்தநாகம். இடையில் எழுந்து எழுந்து அவன் மாட்டிக்கொண்டிருந்த டயரைச் சுற்றி வந்து, "அந்த நட்டு சரியா உக்காரல" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை அது உண்மையாக இருந்தது.

வார்ப்பது விறகுக் கொட்டகையின் திறந்த கதவடியில், காற்று வெளியே இழுக்கிற மாதிரி. இரும்புச் சட்டியில் ஈயம் உருகும். ஒரு துண்டு மெழுகு போட்டுக் கிளறினால் அழுக்கெல்லாம் மேலே திரளும். வழித்துப் போட்டுவிட்டு, கரண்டியால் அச்சுக்குள் ஊற்றுவாள். ஒரு கணத்தில் பளபளப்பு மங்கும். அச்சைத் திறந்து தட்டினால் வெள்ளிப் பல் மாதிரி ஒரு குண்டு துணியில் விழும். அவளுடைய அச்சு வார்த்த குண்டுகள் கொஞ்சம் சிறுத்தே வந்தன. அச்சின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே சூடு தாங்கும் அலுமினிய நாடாவை ஒட்டினாள். அச்சு முழுக்க மூடாது, குண்டு அந்த அளவுக்குப் பருக்கும். வார்த்தாள், அளந்தாள், உருக்கினாள். நாடாவைப் பிய்த்து வேறு மாதிரி ஒட்டினாள். வார்த்தாள், அளந்தாள், உருக்கினாள். முந்நூற்று எண்பத்தொன்றரை வந்த அன்றைக்குக் கையைக் கழுவிக்கூட முடிக்காமல் ஈர விரல்களோடு வீட்டுக்குள் ஓடினாள். அன்றைக்கும் ஆர்மாண்ட் "நல்லது" என்றான்.

தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்துப் போட்டுச் சுட்டதில் துளைகள் வட்டமாக விழுந்தன, ஒன்றையொன்று உரசிக்கொண்டு. அதோடு விட்டிருந்தால் அவள் ஒடெட் இல்லை. உதை குறைவுதான், ஆனால் எவ்வளவு குறைவு? அதை எந்தக் கருவி சொல்லும்? ஒரு மூடியில் மீந்த ஈயத்தை ஊற்றி ஆறவைத்தாள். ஆர்மாண்டின் தோளில் புடைத்திருந்ததை நினைத்து நினைத்து, அதே அளவுக்கு அரத்தால் ராவினாள். குளித்துவிட்டு வந்த ஒரு மாலை, அவன் சட்டை மாட்டும்போது விரலை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டாள். "என்ன?" என்றான். "ஒண்ணுமில்ல, நூலு" என்றாள்.

அந்த ஈயத் தட்டைத் தன் இடது தோளெலும்புக்குக் கீழே பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டாள். அவள் வலது கைக்காரி. துப்பாக்கியை இடது தோளில் சாத்தி, இடது கண்ணால் குறிபார்த்துச் சுட்டாள். முதல் தடவை பல் கடிபட்டது. மருந்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். சுட்டாள். ஈயத்துக்கும் எலும்புக்கும் நடுவில் சதை நசுங்குவதை உற்றுக் கவனித்தாள். சாயங்காலம் தபால் முடிந்து வந்ததும் நேராக மணல்மேட்டுக்குப் போனாள். மான் பக்கத்தில் நின்றால் வீழ்த்துகிற அளவுக்கு வேகம் வேண்டும், தோளில் யாரோ தட்டிக் கூப்பிட்ட அளவுக்குத்தான் உதை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடம் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. இலைகள் சிவந்து உதிர்ந்தன. அவள் பெட்டிகளில் கடிதம் போடும்போது இடது கையால் வண்டியை வளைக்கையில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒடெட் குளியலறைக் கதவைச் சாத்துகிற பழக்கம் இல்லாதவள்; சாத்த நின்றால் நேரமாகிவிடும். ஆர்மாண்ட் தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றான். அவளுடைய தோளில், எலும்புக்குக் கீழே, வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. ஓரம் மஞ்சள், நடுவில் நீலம். அவன் அதையே பார்த்தான். பிறகு கண்ணாடியில் தன் திறந்த சட்டையைப் பார்த்தான்.

"என்ன இது? உனக்கும் வெச்சுட்டாங்களா?"

அவள் துண்டை இழுத்துப் போர்த்தினாள். மறைக்க வராது அவளுக்கு. ஈயத் தட்டு, பிளாஸ்திரி, மணல்மேடு, குறைத்த மருந்து எல்லாவற்றையும் பல் தேய்த்துக்கொண்டே, அறைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே சொல்லிவிட்டாள். ஆர்மாண்ட் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் குரல் உயர்ந்து அவள் அதிகம் கேட்டதில்லை.

"நான் கேட்டேனா? இதெல்லாம் செய்னு நான் உன்னைக் கேட்டேனா?"

"நீ எதைத்தான் கேட்டிருக்கே? நாப்பது வருஷமா உப்பு வேணும்னுகூடக் கேட்டதில்ல."

"வலது தோள்ல வெச்சுச் சுடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

ஒடெட் நின்றாள். "எப்ப?"

"அன்னிக்கேதான். இடது தோள்ல கூடாதுன்னு சொன்ன உடனே நீ சாவியைத் தேடப் போயிட்டே. வாக்கியம் முடியறவரைக்கும் உனக்கு உக்கார முடியல. வலது பக்கம் தாராளமா வெச்சுக்கலாம்னு சொன்னாங்க."

அவளுக்குக் காது சுட்டது. கோடை, இலையுதிர்காலம், அரம், பிளாஸ்திரி எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றன. "அதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே என் கையில துப்பாக்கியைக் குடுத்து மணல்மேட்டுல நிறுத்தியிருப்பே."

"ஆமா, நிறுத்தியிருப்பேன். அதுல என்ன தப்பு? நாற்காலியில கெடந்து சாகறதுக்கு…" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பல்துலக்கி இன்னும் கையில் இருந்தது.

ஆர்மாண்ட் பித்தானைப் போட்டான். தப்பான துளையில் போட்டான், கழற்றினான். கீழே பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"சுடறதுக்குப் பயமில்ல, ஒடெட். உதைக்கும் பயமில்ல. மேல காட்டுல எங்கேயாவது மரத்தடியில விழுந்து கெடப்பேன். இருட்டினப்புறம் நீ டார்ச் எடுத்துட்டுத் தேடி வருவே. கூப்பிடுவே. நான் பதில் சொல்ல மாட்டேன். கொட்டகையில ஆன மாதிரி. அதை நீ இன்னொரு தடவை பாக்கக் கூடாது. அதுக்குத்தான்."

அவள் எந்த அளவுகோலையும் வைத்துப் பார்க்காமல் விட்ட இடம் அது. ஒடெட் சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். விறகுக் கொட்டகைக்குப் போனாள், திரும்பி வந்தாள். தேவாலயத்துக்கு நேரமாகிவிட்டது, இருவரும் போகவில்லை.

"அப்ப நானும் வரேன்" என்றாள் கடைசியில்.

"நீயா? காட்டுக்கா?"

"பேண்டு செட்டா இருந்தா இருக்கட்டும். வரேன்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போனான். கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பக் கட்டையை எடுத்து வந்தான். வலது தோளில் சாத்தி, கன்னத்தைப் பொருத்தி, வலது கண்ணால் ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழியைக் குறிபார்த்தான். கை தடுமாறவில்லை. தினமும் அவள் தபாலுக்குப் போன பிறகு ஜன்னலோரத்தில் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். ஒடெட் கோழிக்கூண்டுக் கதவைச் சரிபண்ணப் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மேலே ஏறினார்கள். இருவரும் ஆரஞ்சு நிறச் சட்டைகளில். சருகெல்லாம் உறைந்து அப்பளமாக நொறுங்கியது. பழைய கல்வேலிக்குப் பக்கத்தில், பீச் மரங்கள் தாழ்ந்து ஓடைக்கு இறங்குகிற இடத்தில் ஆர்மாண்ட் உட்கார்ந்தான். அவள் வார்த்த குண்டுகள் துப்பாக்கிக்குள் இருந்தன. ஒடெட் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டையின் ஜிப்பை மேலே இழுத்தாள். கீழே இழுத்தாள். காபிக் குடுவையின் மூடியைத் திருகினாள். கையுறையைக் கழற்றிப் பையில் துழாவினாள். காட்டின் மறுபக்கத்தில் ஒரு கிளை முறிந்தது, அவள் "அது என்ன?" என்றாள்.

"அது மான். இப்ப இல்ல."

கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து இருந்தாள். பிறகு மறுபடி ஜிப்.

"போ" என்றான் ஆர்மாண்ட். கோபமில்லை. "அந்த மேட்டைச் சுத்திக்கிட்டு ஒரு நடை போயிட்டு வா. சத்தம் வந்தா வரட்டும்."

"உன்னை விட்டுட்டா?"

"இங்கேயேதான் இருப்பேன். எங்க போவேன்?"

போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆரஞ்சுப் புள்ளி மரங்களுக்கு நடுவே சிறுத்து, ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்தது. மேட்டின் முதுகில் அவள் நடந்த நடைக்கு ஊர் மான்களெல்லாம் கிளம்பியிருக்க வேண்டும்.

அந்த மானின் கதையைத் தன் தபால் தடத்தில் எல்லா வீட்டாருக்கும் ஒடெட் சொல்லியிருக்கிறாள். அவளுடைய காலடிச் சத்தத்தில் கிளம்பி, நேராக ஆர்மாண்டின் முன்னால் போய் நின்றது. ஒரே குண்டு. வேட்டை மான்களை ஊரார் எடை போடுகிற லீலண்டின் கடையில் அவன் தராசை இரண்டு தடவை பார்த்தான், அவள் மூன்றாவது தடவை பார்க்கச் சொன்னாள். தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கடியில் குண்டு நசுங்கிக் காளான் மாதிரி கிடைத்தது. அதையும் கழுவி மைக்ரோமீட்டரில் வைத்தாள். "நசுங்கினதை அளந்து என்ன செய்யப்போறே?" என்றான் ஆர்மாண்ட். "தெரிஞ்சுக்கத்தான்" என்றாள். டிசம்பரில் ஆஸ்பத்திரியில் வயரைச் சோதித்தார்கள். எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றார்கள். அந்தத் தடவை டாக்டரம்மா பேசி முடிக்கிறவரை ஒடெட் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவையும் சொல்வாள். நடுவில் ஒரு பகுதியைச் சொல்ல மாட்டாள்.

மேட்டின் அந்தப் பக்கத்தில் அவள் இருந்தபோது சத்தம் கேட்டது. பெரிய வெடி இல்லை, கனமான கதவைச் சாத்துகிற மாதிரி ஒன்று. மணல்மேட்டில் அத்தனை மாலைகள் கேட்ட சத்தம். வேறு எந்தத் துப்பாக்கியும் இல்லை. ஒன்று. அதற்குப் பிறகு எதுவுமில்லை. கூப்பிடுவான் என்று நின்றாள். கூப்பிடவில்லை. "ஆர்மாண்ட்" என்றாள். காடு அப்படியே இருந்தது. இன்னொரு தடவை, உரக்க. பதில் இல்லை.

ஓடினாள். உறைந்த சருகில் வழுக்கி முழங்கால் அடிபட்டது. ஒரு கிளை தொப்பியைப் பறித்துக்கொண்டது, எடுக்கவில்லை. தான் ராவிய ஈயம் அளவில் தவறியிருந்தால், வலது தோளில் வைக்க மறந்து பழக்கத்தில் இடது தோளில் வைத்திருந்தால், மருந்து கூடிப்போயிருந்தால் என்று தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. பாறையைச் சுற்றி வந்தபோது ஆரஞ்சு நிறம் தெரிந்தது. தரையில், மரத்தில் சாய்ந்து, அசையாமல்.

ஆர்மாண்ட் அவளைப் பார்த்தான். ஓடைப் பக்கத்துப் புதருக்குள் மான் போய்ப் படுத்திருந்தது. இப்போது கிட்டப் போனால் எழுந்து ஓடிவிடும். அது அடங்குகிறவரை ஒரு சொல் பேசக் கூடாது, ஓர் அடி வைக்கக் கூடாது. அவன் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டினான். நில்.

ஒடெட் நிற்கவில்லை. சருகு நொறுங்க நேராக வந்து மண்டியிட்டாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். சில்லிட்ட விரல்களை அவன் கழுத்துப்பட்டிக்குள் விட்டு, உள்ளே, இடது எலும்புக்குக் கீழே அந்தப் புடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். குளிரில் அவன் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. அவள் மான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. உயர்த்திய கையை ஆர்மாண்ட் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு மெதுவாக இறக்கி, சட்டைக்கு வெளியிலிருந்து அவள் கையின்மேல் வைத்துக்கொண்டான்.